பிராணவாயு திரும்பி வரும் வேளை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, கொள்ளிடத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலங்களில் வாய்க்கால் எது, வடிகால் எது, வயல் எது என்று பிரித்தறிய முடியாதபடி எங்கும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும் நாட்களில், நடவு முடிந்து வேர் பிடித்துக்கொண்டிருக்கும் சம்பாப் பயிர் நுனிவரை மூழ்கி, நாட்கணக்கில் நீருக்கடியில் கிடப்பதுண்டு. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் நிஷா புயல் கரையேறியபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை அந்த வட்டாரத்தார் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய சமயங்களில் வரப்பின்மேல் நின்று பார்க்கும் விவசாயி ஒன்றைத்தான் கேட்கிறார்: தண்ணீர் எத்தனை நாளில் வடியும்? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாரடைப்போடு கொண்டுவரப்படும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரும் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறார்: வலி எப்போது ஆரம்பித்தது?

மூழ்கிய பயிரின் இலையிலும், இரத்தக்குழாய் அடைபட்ட இருதயத் தசையிலும் நேரும் விபத்து ஒன்றே. பிராணவாயு காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே நீரில் பரவுமாதலால், நீர் மூடிய பயிர் திணறுகிறது. இரத்தம் கொண்டுவந்தால்தான் பிராணவாயு உண்டு என்ற நிலையில் உள்ள இருதயமோ, குழாய் அடைபட்ட கணத்திலேயே திணறத் தொடங்குகிறது. இரண்டு இடத்திலும் அந்தத் திணறலை முதலில் உணர்வது மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணுறுப்புகளே. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மிகவும் முற்பட்ட ஒரு காலத்தில், தனித்து வாழ்ந்த ஒருவகை பாக்டீரியா மற்றோர் உயிரணுவினுள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டதன் வழித்தோன்றல்களே இவை என்பதை, லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1967இல் வற்புறுத்தி எழுதியபோது பலர் நம்ப மறுத்தனர். இன்று அதை மறுப்பார் இல்லை. நெல்லுக்கும் நமக்கும் உள்ள இந்த உறவு, ஒரே மூதாதையிடமிருந்து வந்த உண்மையான இரத்த பந்தம் போன்றதென்றே கொள்ளலாம்.

இருதயத் தசையின் ஒரு மெல்லிய சீவலை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள், சுருங்கி விரியும் நார்களுக்கு இடையே இடைவெளி விடாமல் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட நீள்வட்டமான மைட்டோகாண்ட்ரியாவையும், ஒவ்வொன்றின் உள்ளேயும் மடிப்புமேல் மடிப்பாகச் சுருண்டு கிடக்கும் உட்சவ்வையும் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. உயிரணுவின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அவையே பிடித்துக்கொள்கின்றன. இவ்வளவு இடம் எதற்கு என்றால், நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை துடிக்கும் அந்த உறுப்புக்குச் சேமித்து வைக்கும் பழக்கமே இல்லை. ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளை அது ஒரு நாளில் 6 கிலோ அளவுக்கு ஆக்கி அழிக்கிறது. இருதயத்தின் எடையோ சுமார் 300 கிராம்தான். கையிருப்பு சில விநாடித் துடிப்புகளுக்கே காணும். அந்தச் சக்தியில் 100க்கு 95 பங்கு மைட்டோகாண்ட்ரியாவில் பிராணவாயுவைக் கொண்டு ஆக்கப்படுவது.

இந்த ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதைத் தமிழ் மாணவர்கள் பலர் அறியாதிருப்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னையில் பயின்ற காலத்தில் தேசிய இயக்கத்தில் பற்றுக்கொண்டு கதராடை அணிந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து தசைகளிலுள்ள பாஸ்பரஸ் சேர்மங்களை ஆராய்ந்தார். 1927இல் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளையும், 1929இல் ஏ.டி.பி.யையும் அவர்கள் வெளிப்படுத்தினர்; அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் தனியே ஏ.டி.பி.யைக் கண்டார். இருதயத்துக்கு இரத்தம் நின்றவுடன் எது முதலில் கரைகிறது, எது அடுத்துக் கரைகிறது என்று இன்றைய மருத்துவ நூல்கள் வகுத்துச் சொல்லும் வரிசையில் முதல் இரண்டு பெயர்களும் சுப்பாராவின் கைப்பட்டவை: முதலில் தீர்வது பாஸ்போகிரியாட்டின், அதன் பின் குறையத் தொடங்குவது ஏ.டி.பி.

பிராணவாயு இல்லாதபோது மைட்டோகாண்ட்ரியா என்ன செய்கின்றன என்பதை அறிய, அது உள்ளபோது என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். டெல்டாவின் வாசகர்களுக்கு மேட்டூரைச் சொன்னால் போதும். 1934இல் கட்டி முடிந்த அந்த அணை காவிரியை ஒருபுறம் தேக்கி நிறுத்துகிறது. உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து இறங்கும் நீர் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வே அணை. தேங்குவது நீருக்குப் பதில் புரோட்டான்கள். நாம் உண்ட சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் பிரிந்த எலக்ட்ரான்கள் சவ்விலுள்ள புரதங்களின் வழியே கைமாறிக் கைமாறிச் செல்லும்போது, அந்த ஓட்டத்தின் வலிமையால் புரோட்டான்கள் சவ்வின் அப்புறத்துக்கு ஏற்றப்படுகின்றன; எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வதே பிராணவாயுவின் வேலை. ஏறிய புரோட்டான்கள் திரும்பி இறங்கும் வழியில் ஒரு புரதச் சுழலி சுற்றி ஏ.டி.பி. உண்டாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது கல்விமான்கள் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சுழலி உண்மையாகவே சுழலும் விதத்தை விளக்கிய பால் பாயர், ஜான் வாக்கர் இருவரும் 1997இல் அப்பரிசைப் பெற்றனர்.

இனி, குழாய் அடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை; ஆகவே வரிசை முழுவதும் ஸ்தம்பித்து நின்றுவிடுகிறது; புரோட்டான்களை ஏற்றுவோர் இல்லை; மட்டம் இறங்குகிறது. இங்கேதான் ஒரு விபரீதம் நேர்கிறது. மட்டம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் சுழலி தலைகீழாகச் சுற்றத் தொடங்கி, உயிரணுவில் மிஞ்சியிருக்கும் ஏ.டி.பி.யை உடைத்து, அந்தச் சக்தியால் புரோட்டான்களை மறுபடி மேலே ஏற்றுகிறது. அதாவது, சக்தியை ஆக்கித் தந்த நுண்ணுறுப்பே இப்போது அதைத் தின்னும் முதற்கொள்ளைக்காரனாகிறது. சவ்வின் மின்னழுத்தம் அடியோடு விழுந்தால் மைட்டோகாண்ட்ரியா அழிந்துவிடுமாதலால், தன் உயிரைக் காக்க அது எடுக்கும் கடைசி முயற்சி இது. ஆனால் அந்த முயற்சி நீடித்தால் உயிரணு முழுவதும் பட்டினியால் மடியும். இதற்கு இயற்கை அமைத்த தடை வியப்புக்குரியது. 1963இல் மேனார்ட் புல்மன், கிளாடிஸ் மன்ராய் என்ற இரு ஆராய்ச்சியாளர் கண்ட ஒரு சிறு புரதம், பிராணவாயு குறைந்து மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே அமிலத்தன்மை ஏறியதும் சுழலியோடு ஒட்டிக்கொண்டு, அது பின்னோக்கிச் சுற்றுவதைப் பிடித்து நிறுத்துகிறது. அமிலம் தணிந்ததும் விலகிக்கொள்கிறது. எலி, சுண்டெலி போன்று மிக வேகமாகத் துடிக்கும் இருதயங்களில் இந்தத் தடை வலுவற்றது. நாய் முதலிய பெரிய பிராணிகளின் நிதானமான இருதயங்களில் வலுவானது.

இருதயத் தசையும் தன் பங்குக்குச் செலவைச் சுருக்குகிறது. அடைப்பு ஏற்பட்ட ஒரு நிமிஷத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதையே நிறுத்திவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் உதவியின்றி ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைப்பது 2 ஏ.டி.பி. மட்டுமே, பிராணவாயு இருந்தால் சுமார் 30 கிடைத்திருக்கும். அந்தச் சொற்ப வருமானத்தில் துடிக்கவும் முடியாது; ஆயினும் சிலகாலம் உயிர்த்திருக்க முடியும். அந்தச் 'சிலகாலம்' எவ்வளவு என்பதை நாய்களின் இருதயங்களில் அளந்து பார்த்தவர்கள் கீத் ரைமரும் ராபர்ட் ஜென்னிங்ஸும். 15 நிமிஷ அடைப்புக்குப் பின் இரத்தத்தை விட்டால் தசை முழுவதும் பிழைத்துவிடுகிறது. 40 நிமிஷமானால் இருதயச் சுவரின் உட்பக்கத்து அணுக்கள் மடிந்துவிடுகின்றன; அங்கிருந்து மரணம் மணிக்கணக்கில் நகர்ந்து வெளிப்பக்கத்தை நோக்கி வருகிறது. 1977இல் அவர்கள் வெளியிட்ட இந்த உண்மை, மாரடைப்பு ஒரு கணத்தில் முடிந்துபோகும் சம்பவம் என்ற எண்ணத்தை மாற்றியது. ஆகவே குறுக்கே புகுந்து தடுக்க அவகாசம் உண்டு.

நெல் இந்த அவகாசத்தை நாட்கணக்காக நீட்டிக்கக் கற்றிருக்கிறது. நாற்றுவிடும் காலத்தில் விதையை ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு முளைகட்டும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம்: காய்ச்சி ஆறிய நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, நாலைந்து நெல்மணிகளைப் போட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தால், சில நாட்களில் வெண்மையான முளையுறை மட்டும் நூல்போல் நீண்டு மேல்நோக்கி வரும், வேர் வரவே வராது. வேர் விடுவதற்கு வேண்டிய செலவை ஒத்திவைத்துவிட்டு, காற்றை எட்டும் ஒரே காரியத்துக்கு விதை தன் இருப்பைச் செலவிடுகிறது. கோதுமையால் இது இயலாது. பிராணவாயு இன்றி வளர்ந்த அந்த முளையுறையில் மைட்டோகாண்ட்ரியாவும் அரைகுறையாகவே அமைந்திருக்கும். எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்கள் சில குறைவாகவே இருக்கும். காற்று கிடைத்ததும் அவை நிரம்பிவிடும்.

வளர்ந்த பயிர் மூழ்கும்போது இரண்டு வழிகள் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் காட்டுயானம் போன்ற நம் பழைய நெல்வகைகளும், நீர் ஏற ஏறத் தாமும் நீண்டு தலையை வெளியே நீட்டிக்கொள்ளும் ஆழநீர் நெற்களும் உயரத்தை நம்புபவை. மற்றது, அசையாமல் அடங்கிக் கிடக்கும் வழி. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற வகை இரண்டு வாரம்வரை முழுதும் மூழ்கியும் பிழைப்பதன் காரணம், சப்1ஏ என்ற ஒரே மரபணு என்பதை 2006இல் பமேலா ரொனால்டு, டேவிட் மக்கில் ஆகியோரின் குழுக்கள் நிலைநாட்டின. நீரில் மூழ்கியதும் நீண்டு வளர வேண்டும் என்று பயிருக்குள் எழும் தூண்டுதலை அந்த மரபணு அடக்கி, மாவுச்சத்துச் செலவைக் குறைத்துவிடுகிறது. நம் டெல்டாவில் நெடுங்காலமாகச் சம்பாவுக்கு விரும்பப்படும் சி.ஆர்.1009 நெல்லில் அந்த மரபணுவைப் புகுத்தி உண்டாக்கியதே சி.ஆர்.1009 சப்1. தாழ்ந்த நிலத்தில் பயிரிடுவோர் இதை விசாரித்து வாங்குவதில் பிரயோஜனம் உண்டென்பதே என் கருத்து.

இங்கே விவசாயிகள் அனுபவத்தில் அறிந்த ஒரு புதிரைச் சொல்ல வேண்டும். நீருக்கடியில் பச்சையாகவே தெரிந்த பயிர், தண்ணீர் வடிந்து, வானம் வெளிவாங்கி, வெயில் பட்ட ஓரிரு நாட்களில் துவண்டு கருகிப்போவதைக் கண்டிருப்பார்கள். வெள்ளத்தில் சாகாத பயிர் வெள்ளம் போன பின் சாவானேன்? இதே புதிர் மருத்துவர்களையும் பல்லாண்டு அலைக்கழித்தது: அடைப்பை நீக்கி இரத்தத்தைத் திரும்ப விட்டவுடன், அதுவரை உயிரோடிருந்த இருதய அணுக்களில் ஒரு பகுதி திடீரென்று மடிகின்றன. இரத்தத்தைத் திருப்பி விடாவிட்டால் எல்லா அணுக்களும் சாகும். விட்டாலோ சில சாகின்றன.

விடை மீண்டும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. பிராணவாயு இல்லாத வேளையில் சக்சினேட் என்ற பொருள் அவற்றில் குவிந்துவிடுகிறது. பிராணவாயு திரும்பியதும் அந்தக் குவியல் முழுவதும் சில நிமிஷங்களில் எரிக்கப்பட, எலக்ட்ரான்கள் அளவுக்கு மீறிப் பெருகி, அவற்றைக் கைமாற்றும் வரிசையின் முதற் புரதத்தின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, பிராணவாயுவோடு தகாத முறையில் சேர்ந்து, தொட்டதையெல்லாம் சிதைக்கும் நச்சு வடிவங்களை உண்டாக்குகின்றன. கேம்பிரிட்ஜின் மைக்கேல் மர்பியும் தாமஸ் கிரீகும் தம் கூட்டாளிகளோடு 2014இல் இதை வெளியிட்டனர். அதே நிமிஷங்களில் கால்சியம் வெள்ளமாய் மைட்டோகாண்ட்ரியாவினுள் புகுகிறது. அப்போது உட்சவ்வில் ஒரு பெருந்துளை திறந்துகொள்கிறது. 1970களில் ஹாவொர்த்தும் ஹண்டரும் விவரித்த இந்தத் துளை, அடைப்பு நேரத்தில் அமிலம் மிகுந்திருப்பதால் மூடியே கிடக்கிறது. புது இரத்தம் வந்து அமிலத்தைக் கழுவியவுடன் திறக்கிறது என்பதை பிரிஸ்டல் நகரத்தில் எலினார் கிரிஃபித்ஸும் ஆண்ட்ரூ ஹாலஸ்டிரப்பும் 1995இல் காட்டினர். துளை சற்றுத் திறந்து மூடினால் மைட்டோகாண்ட்ரியா பிழைக்கும். திறந்தே நின்றால் சவ்வின் இருபுறமும் மட்டம் ஒன்றாகி, உள்ளே நீர் புகுந்து வீங்கி வெடித்துவிடும். அந்த அணுவும் அத்தோடு முடிந்தது. நெல்லிலும் வெள்ளம் வடிந்த பின் இத்தகைய நச்சு வடிவங்களே இலையைத் தீய்க்கின்றன. சப்1ஏ மரபணு மூழ்கிய காலத்தில் உதவுவதோடு நில்லாமல், வடிந்த பின் வரும் இந்தச் சேதத்தையும் நீரிழப்பையும் தாங்க உதவுகிறது என்று கலிபோர்னியாவில் ஜூலியா பெய்லி-செர்ரெஸின் ஆய்வுக்கூடம் 2011இல் கண்டது.

இருதயத்துக்கும் அப்படித் தாங்கும் திறனைத் தரும் ஒரு பயிற்சி உண்டா? உண்டு என்பதை 1986இல் டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் எதிர்பாராமல் கண்டனர். நாயின் இருதயக் குழாயை 5 நிமிஷம் அடைத்து 5 நிமிஷம் திறப்பதை நான்கு முறை செய்துவிட்டு, அதன் பின் 40 நிமிஷம் அடைத்தார்கள். மொத்த அடைப்பு நேரம் கூடியிருப்பதால் சேதமும் கூடியிருக்க வேண்டும். ஆனால் மடிந்த தசை, பயிற்சி பெறாத இருதயத்தில் மடிந்ததில் நான்கில் ஒரு பங்குதான் இருந்தது! சிறு சிறு திணறல்களின்போது அணுவிலிருந்து கசியும் அடினோசின் முதலிய பொருள்கள் ஒன்றையொன்று தூண்டி, அந்தச் செய்தி கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவை எட்டி, பெருந்துளை எளிதில் திறவாதபடி அதை உறுதிப்படுத்துகிறது. இந்தக் காவல் ஓரிரண்டு மணி நேரம் நிற்கும். பிறகு நீங்கி, ஒரு நாள் கழித்து மெலிந்த வடிவில் மீண்டும் வந்து, இரண்டு மூன்று நாள் இருக்கும். சுப்பாராவின் ஏ.டி.பி. உடைந்து கிடைக்கும் அடினோசினே, அதைக் காக்கும் எச்சரிக்கையாகவும் ஆவதில் உள்ள சிக்கனம் என்னைப் பெரிதும் கவர்ந்தது.

மருந்தால் இதே காவலைத் தர முடியுமானால் எவ்வளவு நன்று என்று உலகெங்கும் முயன்றார்கள். துளையை மூடவல்ல சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை 970 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது, பலனில்லை. கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தினால் இருதயத்துக்கும் அந்தப் பயிற்சி கிட்டும் என்ற நம்பிக்கையை 5,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2019இல் வந்தது, அதிலும் பலனில்லை. விலங்குகளில் இவ்வளவு தெளிவாகக் கண்ட உண்மை மனிதரிடம் மருந்தாக மாறாதது விஞ்ஞானத்துக்குப் பெரிய ஏமாற்றமே. ஆதலால் இன்றைக்கு மைட்டோகாண்ட்ரியாவுக்கு நாம் செய்யக்கூடிய நிச்சயமான உதவி ஒன்றே: அடைப்பை விரைவில் நீக்குவது.

அதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. கோவையைச் சேர்ந்த தாமஸ் அலெக்ஸாண்டரும் சென்னையைச் சேர்ந்த அஜித் முள்ளசாரியும் முன்னின்று நடத்திய திட்டத்தில், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இருதய மருத்துவமனைகளோடு இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100க்கு 17.6 என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது என்று 2017இல் வெளியான அறிக்கை கூறுகிறது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது.

எனினும், நம் கிராமங்களில் இரவில் நெஞ்சு வலித்தால் அதை வாய்வுப்பிடிப்பென்று தீர்மானித்து, சோடாவோ சுக்குக் கஷாயமோ குடித்துவிட்டு, "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுவது இன்னும் போகவில்லை. விடிவதற்குள் எட்டு மணி நேரம் கழிந்துவிடும். இருதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கிய மரணம் வெளிப்பக்கத்தை எட்ட அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ஆகவே இந்நூலைப் படிப்போரை நான் வேண்டிக்கொள்வது இது: நடு மார்பில் அழுத்துவதுபோன்ற வலி வந்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், அது வாய்வா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து விவாதிக்காதீர்கள், உடனே 108க்குச் சொல்லி, அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் சோர்வும் மட்டும் வரக்கூடும். அவர்கள் விஷயத்தில் இன்னும் விழிப்பாயிருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். வலி தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.